தப்பிப்போனவள்

எனக்குத் தெரிந்த தெலுங்கு ஐந்து சொல்.
எந்த, எக்குவ, தக்குவ, டப்பு.
ஐந்தாவது ரேப்பு. நாளைக்கு என்று அர்த்தம்.
எட்டு மாதமாக ஓபுல் ரெட்டி
போனில் சொல்லிச் சொல்லி மனப்பாடமானது.

குடியாத்தம் தக்காளி மண்டியில்
கணக்கு எழுதுகிறவளுக்கு
அதற்குமேல் தேவைப்பட்டதில்லை.
பாக்கி பதினாலாயிரத்து முந்நூறு.
நேரில் போய் நின்றால் கொடுப்பான் என்றார் முதலாளி.
மதனப்பள்ளியில் இறங்கி நடந்தேன்.
மூன்றாவது தெருவில் போன் செத்தது.
ஐந்தாவது தெருவில்
எந்தப் பக்கமிருந்து வந்தேன் என்பது போனது.

விலை பேசலாம் என் ஐந்து சொல்லை வைத்து.
சண்டைகூடப் போடலாம்.
வழி கேட்க முடியாது.

பலகைகளைப் பார்த்தேன்.
எழுத்துக்கு எழுத்து தலையில் ஒரு டிக்.
யாரோ ஒரு வாத்தியார்
ஊர் முழுவதையும் திருத்திவிட்டுப் போயிருக்கிறார்.
பல் வரைந்த கடை சரி.
கோழி வரைந்த கடை சரி.
ஒன்றுமே வரையாத அந்தப் பச்சைக் கட்டடமும் சரி.
தப்பு நான் ஒருத்திதான்.

பஞ்சர் கடைப் பையனிடம்
ஓபுல் ரெட்டி, ஓபுல் ரெட்டி என்றேன்.
குடி, என்றான்.
மரியாதைக்குப் பாட்டிலைத் திறந்து
இரண்டு மடக்குக் குடித்தேன்.
அவன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டு
வலது கையை நீட்டிக் காட்டினான்.
அப்புறம் எடம, என்றான்.
ஆமாம் தம்பி, இடம்தான் கேட்கிறேன் என்றேன்.
இடது கையையும் நீட்டினான்.
இரண்டு கையும் விரித்தபடி
டியூபுகளுக்கு நடுவே நின்ற அவனைப் பார்த்ததும்
நன்றி சொல்லி நேராக நடந்துவிட்டேன்.

விலை போகாத தக்காளியைக் குவித்த மூலை.
அதன்மேல் ஏறி நின்ற ஆடு.
மறுபடியும் அதே மூலை.
ஆடு மட்டும் இறங்கியிருந்தது.

நீலக் கதவுக்கு முன்னால் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தவள்
மூன்றாம் தடவை என்னைப் பார்த்ததும்
குழாயை மூடினாள்.
தப்பிப்போயாரா? என்றாள்.

தப்பியா?
எதிலிருந்து என்று கொஞ்சம் யோசித்தேன்.
பேரேட்டிலிருந்தா.
ஆறு மணிக்குள் அரைக்கவேண்டிய மாவிலிருந்தா.
எங்க இருக்க, எங்க இருக்க என்று
மணிக்கொரு தரம் கேட்கும் குரல்
கைப்பைக்குள், கறுத்த கண்ணாடிக்குப் பின்னால்,
முதல்முறையாக வாயை மூடிக் கிடந்தது.

அவுனு, என்றேன்.
ஆறாவது சொல். எங்கிருந்து வந்ததோ.

அவள் பெயர் ரெட்டெம்மா.
என் பெயர் வேதவல்லி.
அதோடு எங்கள் பேச்சு தீர்ந்தது.
செம்பில் தண்ணீர் தந்தாள்.
குடித்து முடித்து, வந்த வேலை நினைவுக்கு வந்து
ஓபுல் ரெட்டி என்று சொன்னேன்.
அவள் இடுப்பில் கை வைத்து
வானத்தைப் பார்த்து
ரேப்பு! என்றாள்.

அடிப்பாவி, உனக்குமா?
நடுத்தெருவில், ஈரக் காலோடு
இருவரும் சிரித்த சிரிப்பில்
ஸ்கூட்டர் ஸ்டாண்டிலிருந்து சரிந்தது.

அதே ஸ்கூட்டரில்தான் பஸ் நிலையத்தில் கொண்டுவிட்டாள்.
பலமநேர் பஸ்ஸைக் காட்டிவிட்டுப் போனாள்.
அந்தப் பஸ் போகட்டும் என்று விட்டேன்.
அடுத்ததையும்.
டீ வாங்கிக்கொண்டு, பெஞ்சில்,
என்னை யாரென்று தெரியாத அத்தனை பேருக்கும் நடுவில்
காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.
எதிரே இருவர் எதையோ உரக்கப் பேசினார்கள்.
ஒரு வார்த்தையும் எனக்காக இல்லை.
சுகமாக இருந்தது.

சைனகுண்டா சோதனைச் சாவடி தாண்டும்போது
மணி ஒன்பதரை.
பஸ் வெளிச்சத்தில் முதல் சுவர் வந்தது.
மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்.
அடுத்த சுவரில் சிமெண்ட்.
அதற்கடுத்து கண்ணீர் அஞ்சலி, யாரோ ஒரு மாமாவுக்கு.
எழுத்துகளின் தலையில் டிக் இல்லை.
வெறும் புள்ளிதான்.
எல்லாம் புரிந்தது, ஒன்று விடாமல்.

ஜன்னல் ஷட்டரை இழுத்து மூடினேன்.